மோகன்குமாருக்கு நான் வைத்த கடன்கள்

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. எங்கள் பகுதியான கணபதியில் ஒரு பேக்கரியில் திருடினேன். தேங்காய் பன்னை டீயில் நனைத்துக்கொண்டு நின்றபோது, முதுகுக்குப் பின்னால் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு கிளியரன்ஸ் வரலீங்களாமா. ஆளு சுத்தமான ஆளுதானுங்க. கடன் இருக்குதாமா. அதனால உள்ள உடமாட்டாங்களாமா."

திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆயிரம் பேர் நின்ற பேக்கரியில் அது என் காதில் மட்டும் விழுந்தது. (ஆறு பேர்தான். ஆயிரம் என்பது என் பழக்கம்.)

பழக்கத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன். வீடு வீடாகப் போய் மீட்டரில் என்ன எண் இருக்கிறதோ அதை அப்படியே எழுதுவதுதான் வேலை. ஒரு யூனிட் கூட்டி எழுதினால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். குறைத்து எழுதினால் ஆபீசில் மெமோ வரும். ஓய்வு பெற்ற மறுநாள் காலை கதை எழுத உட்கார்ந்தேன். ஒரு யானை வேண்டிய இடத்தில் நான்கு யானைகளை நிறுத்தினேன். யாரும் மெமோ கொடுக்கவில்லை. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை.

கடன் இருந்தால் ஒருவனை எதற்குள்ளே விடமாட்டார்கள்? விசாரித்தேன். நம் பக்கத்துப் பட்டறைகளில் சிலவற்றுக்கு இப்போது ராணுவத்துக்கான உதிரி பாகங்கள் செய்கிற ஆர்டர் வருகிறது. அந்த வரைபடங்களைப் பார்க்கிறவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று முன்கூட்டியே சரிபார்ப்பார்களாம். போலீஸ் வழக்கு உண்டா, வெளிநாட்டுத் தொடர்பு உண்டா என்பதோடு, கடன் உண்டா என்றும். அதில் தேறுவதுதான் கிளியரன்ஸ். எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. பயத்தால் இல்லை. நல்ல கதை கிடைத்தால் எனக்கு அப்படித்தான் ஆகும்.

பயம் பிறகுதான் வந்தது.

2

தொடக்கங்கள்.

"பெரியநாயக்கன்பாளையத்தின் மேல் மேகம் இறங்கியிருந்தது. மலையடிவாரத்துத் தொழிற்சாலையின் இரும்புக் கதவு மெல்லத் திறக்க, உள்ளேயிருந்து நான்கு யானைகள்"

வேண்டாம். யானைகளை இந்த ஒரு கதையிலாவது விட்டுவிட வேண்டும் என்று சாந்தாமணி சொல்லியிருக்கிறாள். (சாந்தாமணி என் மனைவி. நான் எழுதுவதையெல்லாம் அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். கை நின்றால் கதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதுவரை இரண்டு முறை நின்றிருக்கிறது. ஒரு முறை கீரையில் பூச்சி.)

"'உங்களுக்குக் கடன் இருக்கிறதா?' என்று ஒரு குரல் கேட்டது. மோகன்குமார் திரும்பிப் பார்த்தான். அங்கே யாருமே"

இது பேய்க் கதையின் தொடக்கம். நான் எழுத நினைத்தது பேய்க் கதை இல்லை.

"மோகன்குமார் கடன் வாங்காதவன்."

சப்பென்று இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியத்துக்கு மேல் எதையும் ஏற்றலாம். இது இருக்கட்டும்.

3

மோகன்குமார் கடன் வாங்காதவன். வயது முப்பத்தெட்டு. டிப்ளமோ படித்தவன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். தொழிற்சாலைக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அதே பெயரில் நிச்சயம் ஒன்று இருக்கும். மனைவி நித்யஸ்ரீ, தையற்கடை வைத்திருக்கிறாள். ஒரு மகள், ஐந்தாம் வகுப்பு.

அந்தத் தொழிற்சாலைக்கு ராணுவ ஆர்டர் கிடைக்கிறது. பின்பக்கம் குளிரூட்டிய அறை ஒன்றைக் கட்டுகிறார்கள். அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். பம்ப் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது, இனிமேல் வேலையெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆகவே சரிபார்ப்பில் தேறினால் மோகன்குமாருக்கு வேலை உண்டு. தேறாவிட்டால் இல்லை. கதையில் பணயம் வைத்திருப்பது அவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கு அது போதும்.

இனி அவனுக்குக் கடன் வேண்டும். கடன் வாங்காதவனுக்குக் கடன் எப்படி வரும்?

வேறு ஊர்க்காரர்கள் இதற்கு யோசிப்பார்கள். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஜாமீன் கையெழுத்து.

நித்யஸ்ரீயின் தம்பி சபரீஷ், பெருந்துறையில் அட்டைப்பெட்டி செய்யும் யூனிட் போட்டிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். காபி குடிக்கிறான். முறுக்கு தின்கிறான். கிளம்புகிற நேரத்தில் சொல்கிறான்:

"மாமா, பேங்குல ஒரு கையெழுத்துக் கேக்கறாங்க. சும்மா பேருக்குத்தானுங்க. உங்களை மாட்டி உட்டுப்போட்டு நான் எங்கீங்க போவேன்?"

மோகன்குமார் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்.

"எங்க போடோணும் மாப்ள?"

எவ்வளவு கடன் என்று கேட்கவில்லை. எத்தனை வருடம் என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் என்று மட்டும்தான் கேட்டான். எங்கள் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்கள் இங்கே சிரித்திருப்பார்கள், ஏனென்றால் அவர்களும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

(இங்கே ஒரு குறிப்பு. பணம் கேட்டு வந்தவரிடம் "இப்ப கையில இல்லீங்க" என்று சொல்லிவிடலாம், யாருக்கும் வருத்தமில்லை. கையெழுத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. கை இருக்கிறது, பேனா இருக்கிறது. போடமாட்டேன் என்றால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து காபி குடித்தவரிடம், அதுவும் மனைவியின் தம்பியிடம், அதைச் சொல்லிவிட்டு அடுத்த பொங்கலுக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது?)

பிறகு சரிபார்ப்புக்கான படிவம் வருகிறது. கடன் பொறுப்புகள் என்ன என்று ஒரு கேள்வி. மோகன்குமார் 'இல்லை' என்று எழுதுகிறான். பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த நித்யஸ்ரீயும் அதையே சொல்கிறாள். மளிகைக் கடையில் ஒரு நாள்கூடப் பாக்கி வைக்காத மனுஷனிடம் இதையெல்லாம் கேட்கிறார்களே என்று சிரிக்கிறாள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஜாமீன் என்பது அவர்கள் கணக்கில் கடன் இல்லை. மரியாதை.

4

ஒரு கையெழுத்து எனக்குப் போதவில்லை.

இங்கேதான் பழக்கம் வேலையைக் காட்டியது. பெரியப்பா மகனின் டிராக்டருக்கு ஒன்று போட வைத்தேன். அத்தை மகனின் தறிக்கு ஒன்று. ஒன்றுவிட்ட சித்தப்பா எடுத்து நடத்தும் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கு ஒன்று. யாரோ ஒருவருடைய மாமனாரின் கோழிப்பண்ணைக்கு ஒன்று. அந்த மாமனாரை மோகன்குமார் பார்த்ததே இல்லை. எழுத எழுத எனக்கு உற்சாகம் பொங்கியது. பதினொரு கையெழுத்துகள். கொங்கு நாட்டில் ஓடுவது, பறப்பது, முட்டையிடுவது எல்லாம் மோகன்குமாரின் கையெழுத்தில் நிற்கிறது என்று ஒரு வாக்கியம்கூட எழுதினேன்.

சாந்தாமணியின் கை நின்றது. கீரையில் பூச்சி இல்லை.

"ஏனுங்க, அந்தப் பையன் உங்களுக்கு என்னுங்க பண்ணுனான்? கேக்கறதுக்கு ஆளில்லைன்னு இத்தனையும் அவன் தலையில கட்டறீங்களே. பாவமுங்க."

"கதையிலதான அம்மணி."

"கதைன்னா அவனுக்கு வலிக்காதுங்களா?"

பதினொன்றில் பத்தை எடுத்துவிட்டேன். சபரீஷுக்குப் போட்ட ஒன்று மட்டும் நின்றது. மேலே படித்தீர்களே, அந்தப் பத்தி அடித்த பத்தி. அழகாக இருந்ததால் உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன். எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

நான் சொல்லாமல் விட்டது, படிவம் வருவதற்கு முன்பே நிகழ்வது: சபரீஷின் யூனிட் படுக்கிறது. தவணைகள் நிற்கின்றன. வங்கியிலிருந்து மோகன்குமாருக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது, ஜாமீன்தாரர் என்ற முறையில்.

படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் அவன் அந்தச் செய்தியைப் படித்தானா?

படிக்கவில்லை என்றால் அவன் அப்பாவி. படித்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுதினான் என்றால் மறைத்தவன். கதையே இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. எனக்குத் தெரியவில்லை. பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று தாண்டிப் போனேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

ஆனால் ஒன்று செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். படித்தான் என்று வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நித்யஸ்ரீக்குத் தெரியாமல் தம்பியின் தவணையைக் கட்ட, மோகன்குமார் கைப்பேசியில் ஒரு கடன் செயலியைத் திறக்கிறான். ஆலையின் கழிப்பறையில் நின்றபடி கட்டைவிரலை அழுத்துகிறான். பணம் வந்து விழுகிறது. அவனுடைய போனில் இருக்கும் பெயர்களையெல்லாம் அந்தச் செயலி எடுத்துக்கொள்கிறது. பக்கம் நன்றாக வந்தது. அளவுக்கு மேல் நன்றாக வந்தது. படித்தபோது அவன்மீது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாந்தாமணிக்குப் படித்துக் காட்டவில்லை. கிழித்து, வெந்நீர் பாய்லரில் தேங்காய் மட்டையோடு போட்டு எரித்துவிட்டேன். அந்த வெந்நீரில்தான் குளித்தேன்.

5

கொஞ்சம் கட்டுரை. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் போனால் பின்னால் வருகிறவரை அடையாளம் தெரியாது.

கடன் இருப்பவன் கெட்டவன் என்று அந்தச் சரிபார்ப்பில் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கடன் இல்லாதவர் யார்? அவர்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. கடன் முற்றியவனிடம் யாராவது வந்து, இதை நான் தீர்த்துவிடுகிறேன், நீ அந்த வரைபடத்தை ஒரு போட்டோ மட்டும் எடுத்துக் கொடு என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? அதுகூட இரண்டாவதுதான். முதல் பயம், மறைத்து வைத்த கடன். வெளியே சொன்ன கடனை வைத்து ஒருவனை மிரட்ட முடியாது. ஒளித்து வைத்தால், அதைக் கண்டுபிடித்தவர் கையில் அவன் பிடி சிக்கிவிடுகிறது. உன் மனைவியிடம் சொல்லட்டுமா, உன் முதலாளியிடம் சொல்லட்டுமா. அவ்வளவு போதும்.

ஆகவே கதைக்கு அப்படி வந்து கேட்கும் ஒருவர் தேவைப்பட்டார். எழுதினேன்.

மத்தியான வேளை. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மோகன்குமார் நிற்கிறான். பக்கத்தில் ஒருவர் வந்து நிற்கிறார்.

"மோகன்குமாருங்களா? உங்க மச்சினன் கணக்கு மூணு தவணை நிக்குதுங்களாமா."

"நீங்க யாருங்க?"

"வேண்டியவங்கதானுங்க. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

அவனுடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு அவர் போய்விடுகிறார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கே பிடித்திருந்தது. கேட்டிருந்தால் மோகன்குமார் முடியாது என்று சொல்லியிருப்பான். கேட்காதவரிடம் என்ன சொல்வது? வழக்கம்போல மரியாதையாகத் தலையாட்டினான்.

சரிபார்க்க வரும் அதிகாரியும் ஒருவர் வேண்டுமே. அவரையும் எழுதினேன். அவர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அவருக்கும் அதே மரியாதை, அதே 'ங்க'. இரண்டு பேருக்கும் முகம் எழுதவில்லை. சோம்பல்தான். மூக்கு எப்படி, மீசை உண்டா என்றெல்லாம் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மோகன்குமாரை எங்கே விட்டேன் என்றால், தொழிற்சாலைக்குள், அந்தக் கதவுக்கு வெளியே, ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில். முடிவு வரும்வரை அங்கே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்தான். பேனாவை மூடி வைத்தேன்.

6

இந்தப் பகுதியில் நான் எதையும் கூட்டவில்லை. நம்பமாட்டீர்கள், எனக்குப் புரிகிறது.

மாதாந்திர பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்த நாள். காலை பதினொரு மணி. கணபதியில் இருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் தெருவில் சத்தம் நிற்கவே நிற்காது. எதிர்வீட்டில் லேத், பக்கத்துச் சந்தில் கிரைண்டிங், பின்னால் ஒரு பவர் பிரஸ். அன்றைக்கு எல்லாம் ஓய்ந்து, யாரோ துணி பிழிவது தெருமுனையிலிருந்து கேட்டது.

காலிங் பெல் அடித்தது.

கரண்ட் இல்லாமல் எப்படி அடிக்கும் என்று முப்பது வருடம் மின்வாரியத்தில் இருந்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கதவைத் திறந்த பிறகுதான் தோன்றியது. (அவர் கதவைத் தட்டினார் என்று சாந்தாமணி சொல்கிறாள். நான் கேட்டது பெல்.)

வெளுத்த நீலச் சட்டை. கையில் ரெக்சின் பை. வணக்கம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையைப் பாதி வெளியே எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே தள்ளினார். சரிபார்ப்பு விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னார். வணக்கம் சொல்லி நிற்கிறவரிடம் அட்டையை வாங்கிப் படிப்பது எப்படி? உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சாந்தாமணி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"மோகன்குமாரைத் தெரியுமுங்களா? தரப் பரிசோதகரா இருக்கறாருங்க."

நான் சிரித்துவிட்டேன். ஊரில் இல்லாத மோகன்குமாரா? யாரோ ஒரு மோகன்குமார், எங்கள் தெருவைப் பழைய விலாசமாகக் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். அந்தப் பெயரில் ஒருவனை எனக்குத் தெரியும், ஆனால் அவன் கதையில் இருக்கிறான் என்று சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. மச்சினன் பெருந்துறையில் அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருந்தவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் வாய் தானாகச் சொன்னது. டிராக்டர் என்றார். தறி என்றார். ஜெனரேட்டர், கோழிப்பண்ணை என்று ஒவ்வொன்றாக, மெதுவாக, மளிகைச் சாமான் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார்.

சாந்தாமணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அந்தக் கோழிப்பண்ணை அவளுக்கும் தெரியும்.

"அதெல்லாம் நான் அடிச்சுப்போட்டனுங்க," என்றேன்.

"அடிச்சதும் இருக்குதுங்களே," என்றார். "தீத்த கடனும் எங்க பக்கம் தெரியுமுங்க. இருந்துச்சுங்கறது போகாதுங்க."

அதற்குப் பிறகு, குரலை உயர்த்தாமல், அந்தச் செயலியைப் பற்றிக் கேட்டார். கழிப்பறையில் நின்றா அழுத்தினார் என்று கேட்டார்.

பாய்லரில் எரித்த பக்கம். நான் மட்டுமே படித்தது. என் கை காபி டம்ளரைத் தேடியது; என் டம்ளர் அவர் முன்னால் இருந்தது, காலியாக. எப்போது குடித்தார் என்று தெரியவில்லை.

"ஒரே ஒரு விவரந்தானுங்க வேணும்," என்றார். "பேங்குச் செய்தியை அவரு படிச்சுப்போட்டு இல்லைன்னு எழுதுனாருங்களா? படிக்காம எழுதுனாருங்களா? அவரையே கேட்டோமுங்க. உங்களைக் கேக்கச் சொல்றாரு."

"என்னையா?"

"அவருக்கே தெரியலையாமாங்க."

தெருவில் துணி பிழிகிற சத்தமும் நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக, கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"எனக்கும் தெரியலீங்க. நான் இன்னும் முடிவு பண்ணலை."

அவர் கோபப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்படியானால் மோகன்குமாரைத் தெரிந்த வேறு ஒருவரைச் சொல்லுங்கள் என்றார். விசாரிக்கிற முறை அதுதானாம்: அவனே கொடுத்த பெயர்கள் போதாது, ஒவ்வொருவரும் அவன் சொல்லாத இன்னொருவரைக் காட்ட வேண்டும்; அவர் இன்னொருவரைக் காட்ட வேண்டும். எங்காவது ஓரிடத்தில் உண்மை தெரிந்தவர் கிடைப்பாராம்.

நான் ஒரு பெயர் சொன்னேன். பெயர் என்றும் சொல்ல முடியாது. அதற்கு வருகிறேன்.

7

அவர் போனதும் சாந்தாமணி வந்து உட்கார்ந்தாள். பெரிய மீசையாக இருந்ததே என்றாள். மீசையே இல்லை என்றேன் நான். கண்ணாடி போட்டிருந்தார் என்றாள், இல்லை என்றேன். வயதானவரா, இளைஞரா? வீட்டுக்குள் உட்கார வைத்துக் காபி கொடுத்திருக்கிறோம், இரண்டு பேருக்கும் முகம் நினைவில்லை. சட்டை நினைவிருக்கிறது. பை நினைவிருக்கிறது. நான் எழுதாத இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

"ஏனுங்க," என்றாள் சாந்தாமணி. "நீங்க மூஞ்சி எழுதாம உட்டது ரெண்டு பேருக்குங்களே."

அவள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. வந்தவர் சரிபார்க்க வந்தவர் என்று எப்படித் தெரியும்? டீக்கடையில் மோகன்குமாருக்குக் காசு கொடுத்த அந்த ஆளாக இருந்தால்? இரண்டு பேரும் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றேதான்: மோகன்குமாருக்கு என்ன கடன், அதை அவன் மறைத்தானா. ஒருவருக்கு அது அவனை உள்ளே விடலாமா என்று முடிவு செய்ய. இன்னொருவருக்கு அவனை எங்கே பிடிப்பது என்று தெரிந்துகொள்ள. கேள்வி ஒன்று, மரியாதையும் ஒன்று. அட்டையில் என்ன இருந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே கதையை முடித்துவிட உட்கார்ந்தேன்.

முதல் முடிவு: அவன் செய்தியைப் படிக்கவில்லை. சரிபார்ப்பில் தேறுகிறான். நாற்காலியிலிருந்து எழுந்து, அட்டையைக் காட்டி, கதவைத் திறக்கிறான். சந்தோஷமாக எழுதினேன். அடுத்த வரியில் அந்த டீக்கடை ஆள் வந்து நின்றார். சபரீஷின் கடன் அப்படியேதான் இருக்கிறது. இப்போது மோகன்குமார் வரைபடம் இருக்கும் அறைக்குள் வேறு இருக்கிறான். அவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாவது: படித்தான், மறைத்தான், தேறவில்லை. வேலை போகிறது. டீக்கடை ஆள் அன்று மாலையே வீட்டுக்கு வந்து, நித்யஸ்ரீயிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு, உள்ளே வேலை பார்க்கும் நண்பர்கள் யார் யார் என்று

போதும்.

மூன்றாவது சாந்தாமணி சொன்னது. "அவனே போய்ச் சொல்லட்டுமுங்க. மச்சினனுக்குக் கையெழுத்துப் போட்டேன், அது கடன்னு எனக்குத் தோணலைங்க, இப்பத்தான் தெரிஞ்சுது, டீக்கடையில இப்படி ஒருத்தரு வந்தாருன்னு எல்லாத்தையும் கொட்டிப்போட்டான்னா அவனை யாருங்க மிரட்ட முடியும்?"

நெம்ப நல்ல முடிவு. விசாரித்தபோது என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்: தானாக வந்து சொல்கிறவனுக்கு வழி உண்டாம். எழுதினேன். மோகன்குமார் மனதைத் திடப்படுத்திக்கொள்கிறான். எல்லாவற்றையும் சொல்லிவிடத் தயாராகிறான். எதிரே ஒருவர் வந்து நிற்கிறார். மோகன்குமார் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறான்

இங்கே பேனா நின்றது. பார்ப்பதற்கு அங்கே முகம் இல்லை. இப்போதாவது எழுதிவிடலாம் என்று மீசை வைத்தேன். அடுத்த வரியில் மீசை பொருந்தவில்லை. கண்ணாடி மாட்டினேன்; அது யாருடைய கண்ணாடி என்று எனக்கே தெரியவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் அவன் எப்படிச் சொல்வான்? சொல்ல வாயெடுத்த வாக்கியம் அப்படியே நிற்கிறது.

இப்போதெல்லாம் பட்டறைச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. சத்தம் நின்றால் வாசலைப் பார்க்கிறேன். சாந்தாமணியும் பார்க்கிறாள், எனக்குத் தெரியாமல்.

8

இனி நான் சொன்ன பெயர்.

மோகன்குமாரைத் தெரிந்தவர் வேறு யார் என்று அவர் கேட்டபோது என்னிடம் ஆள் இல்லை. நித்யஸ்ரீயையும் சபரீஷையும் அவனே கொடுத்திருந்தான். சாந்தாமணியைச் சொல்ல மனம் வரவில்லை; அவள் வாசலில் நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். ஆகவே, இந்தக் கதையைப் படிக்கிறவர் என்று சொன்னேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். விலாசம் கேட்கவில்லை. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்களைக் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டேன். மன்னியுங்கள். ஆனால் இதில் பொய் ஒன்றும் இல்லை. உங்களுக்கு அவனைத் தெரியும். எங்கே கையெழுத்துப் போட்டான், என்ன கேட்டுவிட்டுப் போட்டான், படிவத்தில் என்ன எழுதினான், டீக்கடையில் எப்படித் தலையாட்டினான் என்று எல்லாம் தெரியும். எரித்த பக்கத்தைக்கூட நீங்கள் படித்துவிட்டீர்கள். அதை உங்களுக்குச் சொல்லியிருக்கவே கூடாது. எழுத்தாளன் வாய் நிற்பதில்லை.

பகலில்தான் வருவார். மரியாதையாகப் பேசுவார். நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் உங்கள் ஊர்ப் பேச்சில் பேசுவார் என்று நினைக்கிறேன். என்னைப்போல நீங்களும் அட்டையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வாங்கிப் படியுங்கள். முகத்தைப் பாருங்கள். பார்த்தால் அவர் எந்த ஆள் என்று உங்களுக்காவது தெரியலாம்.

அவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். தெரிந்தால் கூட்டி எழுதிவிடுவேன். செய்தியைப் படித்துவிட்டு எழுதினானா, படிக்காமல் எழுதினானா? நான் அந்த இடத்தைத் தொடாமலே வைத்திருக்கிறேன். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்ளவும் செய்யலாம். அப்படிச் செய்தால் அவர் அடுத்தவரைக் கேட்பார், எப்படியோ உங்களிடம் ஒரு பெயர் வாங்கிக்கொண்டு.

மோகன்குமார் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறான். மாலை ஷிப்ட் முடிந்தது, அடுத்த ஷிப்ட் வந்தது, அவனை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. போகச் சொன்னதாக நான் எழுதவில்லை. நித்யஸ்ரீ இரண்டு முறை போன் செய்தாள். எடுத்து, இன்னும் தெரியவில்லை, வந்துவிடுவார்கள் என்று சொன்னான். பிறகு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, நாற்காலியிலிருந்தபடியே முகத்தைத் திருப்பி, நீங்கள் இருக்கும் பக்கமாகப் பார்த்தான்.